இலை இல்லாத மாதம்

செப்டம்பர் 12, செவ்வாய்

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். அந்த நாற்காலியில் பிரகாசி உட்கார்ந்தால் மருந்துப் பாட்டில் ஏறி முடியும்வரை கண்ணைத் திறப்பதில்லை. நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருப்பேன். இன்று ஏதோ ஒரு தீவின் வீடியோ வந்தது. கறுத்த மண். அதில் அங்கங்கே அடைகாக்கும் கோழிகள் போலப் பச்சை பச்சையாக என்னவோ உட்கார்ந்திருந்தது.

"அது என்ன செடி?"

திரும்பிப் பார்த்தால் அவள் கண் திறந்திருந்தது.

"திராட்சையாம். கிரேக்க நாட்டுல, சாந்தோரினின்னு ஒரு தீவு."

"பந்தல் எங்க?"

"பந்தலே கிடையாதாம். தரையிலயே வளக்குறாங்களாம்."

"தரையில கிடந்தா காய் அழுகிராதா?"

தெரியலையே என்றேன். "நீங்கல்லாம் என்ன சயின்ஸ் வாத்தியாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஈஸ்டருக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி இது. "எப்ப முடியும்" என்று நர்ஸிடம் கேட்பதைச் சேர்க்கவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

இரண்டு நாளாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். திராட்சைத் தோட்டக்காரியைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்ந்தும் கொடியைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. தோட்டம் அவளுடையது. அப்பா வழியில் வந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து டீ குடிக்க மட்டும் பந்தலடிக்குப் போவேன்.

அந்தத் தீவில் காற்று பேய்க்காற்று. பந்தல் நிற்காது. அதனால் கொடியை வருஷாவருஷம் வட்டமாகச் சுற்றி முடைகிறார்கள். ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். செங்கல் சுமக்கிறவர்கள் தலையில் துணியை முறுக்கிச் சும்மாடு வைப்பார்கள் அல்லவா, அதே வடிவம். சும்மாட்டின் குழிக்குள் குலை தொங்கும். காற்று மேலே போய்விடும்.

கோடையில் மழையே இல்லை. பிறகு தண்ணீர்? கடலிலிருந்து வரும் பனிமூட்டம்தான். எரிமலைக் கல் அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. சிலேட்டுக் குச்சியை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளுமே, அதைப்போல.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த பிரகாசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நாம அண்ணாந்து பறிக்கிறோம், கழுத்து போகுது. அவங்களுக்கு இடுப்பு போகும்" என்றாள்.

அங்கே ஒரு பழைய ஒயின் ஆலை இருக்கிறது. மலைச்சாம்பலைக் குடைந்து குகை மாதிரிக் கட்டியது. பழத்தைக் காலால் மிதிக்கும் கல்தொட்டி இன்றும் இருக்கிறதாம். பல தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிறது. இப்போது பார்த்துக்கொள்வது இரினி என்ற பெண்.

"போய்ப் பாத்துருவமா?" என்றேன் விளையாட்டாக.

அவள் பூண்டுத் தோலை ஊதித் தள்ளிவிட்டு, "அழுகுதா இல்லையான்னு மொதல்ல கேளுங்க" என்றாள்.

இரினிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மூன்று முறை திருத்தினேன்.

செப்டம்பர் 20, புதன்

அழுகாதாம். காற்று உலர்த்திவிடுமாம். இரினி இரண்டு வரியில் பதில் போட்டிருந்தாள். பிரகாசி இன்னும் நான்கு கேள்வி கொடுத்தாள்.

மாலையில் மச்சினன் சவரியப்பன் வந்தான். ஈஸ்டரிலிருந்து தோட்டத்தை அவன்தான் பார்க்கிறான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

"ஏன் மச்சான், நம்ம பங்கு மதுவிலக்குச் சபைத் தலைவரு நீங்க ஒயின் ஆலைக்குப் பொறப்பட்டுட்டீங்கன்னு சாமியாருக்குத் தெரியுமா?"

"நம்ம ஊர்ல தினம் காலையில பூசைல ஒயின் குடிக்கிற ஒரே ஆளு அந்தச் சாமியாருதானடா" என்றாள் பிரகாசி உள்ளே இருந்து.

சவரியப்பன் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தான். அக்கா கேலி பேசி அவனும் வெகுநாள் கேட்கவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். நாள் முழுக்க அதோடு போயிற்று.

அக்டோபர் 3, செவ்வாய்

மதுரை. திரும்பும்போது காரில் தூங்கவில்லை. வேறு யாருக்கோ பேசுவதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எப்பப் போறதா உத்தேசம்?" என்றாள்.

ஒன்றை இங்கே எழுதிவைக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு காலண்டர் உண்டு. ஒன்று தினமும் கிழிப்பது. இன்னொன்று உரக்கடையில் கொடுக்கும் பெரிய மாதக் காலண்டர். மதுரைக்கு முதல் தடவை போய்வந்த அன்று அவள் மாதக் காலண்டரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாள். "ஒரு நாளைக்கு ஒரு தாள் போதும்" என்றாள். ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. அன்றிலிருந்து அடுத்த மதுரைப் பயணத்துக்கு அப்பால் உள்ள எதையும் வீட்டில் பேசுவதில்லை. மகள் ஸ்டெல்லா பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, மே மாதம் பிள்ளைகளோடு வருகிறேன் என்றபோதுகூடப் போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஆகவே ஜாக்கிரதையாகத்தான் பேசினேன். "நீயே சொல்லு" என்றேன்.

"டிசம்பர்ல படம் எடுத்துப் பாக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காரு. அது முடிஞ்சு, பொங்கலும் முடியட்டும். ஜனவரி. அதுக்கு மேல என்கிட்டச் சொல்லாதீங்க."

சரி என்றேன்.

அக்டோபர் 7, சனி

ஸ்டெல்லா டிக்கெட் போட்டுவிட்டாள். ஜனவரி 17, புதன். எருசலேம் யாத்திரைக்கென்று எடுத்து, போகாமலே வைத்திருந்த பாஸ்போர்ட்டுக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது.

காய் இருக்குமா என்று நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் எந்த மாதம் நுழைந்தாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பறித்துக்கொண்டிருப்பார்கள். பறித்து முடித்ததும் கவாத்து வெட்டி, கொடியை மறுபடி தளிர்க்கவிட்டுவிடுவார்கள். திராட்சை என்றால் எப்போதும் காய்ப்பது என்றுதான் இங்கே பிறந்த எவனும் நினைப்பான்.

தேதியை இரினிக்கு எழுதினேன். "தங்கள் தோட்டத்தில் பறிக்கப்படும் பழத்தைக் காண ஆவலாக உள்ளோம்" என்று முடித்தேன்.

அக்டோபர் 11, புதன்

இரினியின் பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாள். ஜனவரியில் பழம் இருக்காது. இலையே இருக்காது. கொடிகள் தூக்கத்தில் இருக்கும், பார்க்கச் செத்தவை போலத் தெரியும், இவ்வளவு தூரம் வந்து ஏமாறக்கூடாது, ஆகஸ்டில் வாருங்கள், அப்போதுதான் அறுவடை.

இலையுதிர் தாவரம் என்று எட்டாம் வகுப்புக்கு எத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆப்பிளைச் சொல்வேன், மேப்பிளைச் சொல்வேன். தலைக்கு மேலே தொங்கும் திராட்சையும் அந்த ஜாதிதான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பிரகாசியிடம் சொல்லவில்லை. ஆகஸ்ட் என்று இந்த வீட்டில் எப்படிச் சொல்வது?

அக்டோபர் 12, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

மதுரை. பாட்டில் ஏற்றுவது இதோடு முடிந்தது. நர்ஸுகள் கை தட்டினார்கள். பிரகாசி அவர்களுக்குக் கொடுக்கவென்று ஒரு கூடை பன்னீர் திராட்சை கொண்டுவந்திருந்தாள். "நீங்க ஒண்ணு சாப்பிடுங்கம்மா" என்றாள் ஒரு பெண். பிரகாசி வாயில் போட்டுப் பார்த்தாள். "துருப்பிடிச்ச ஆணி" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் "நல்லாருக்கும்மா" என்றாள். மருந்து ஏற ஆரம்பித்ததிலிருந்து எதைத் தின்றாலும் அவள் நாக்குக்கு இந்த ருசிதான்.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். காலையில் பூவும் மெழுகுவர்த்தியும் கட்டி வைத்தாள், ஆனால் வரவில்லை.

"நீங்களும் தம்பியும் போய்ட்டு வாங்க. நான் வந்தா இடம் பாக்க வந்த மாதிரி இருக்கும்."

சவரியப்பனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எனக்கும்தான். அவளே சிரித்தாள்.

நவம்பர் 6, திங்கள்

குட்டு உடைந்துவிட்டது. ஸ்டெல்லா போனில், "அம்மா, ஜனவரில அங்க இலைகூட இருக்காதாமே, அப்பா சொன்னாரா?" என்று கேட்டிருக்கிறாள். நான் கடையிலிருந்து வந்தபோது பிரகாசி கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னைக்குத் தெரியும் உங்களுக்கு?"

"போன மாசம்."

"ஏன் சொல்லல?"

"டிக்கெட் போட்டாச்சேன்னு..."

"வாத்தியாரே, உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அந்தப் பொண்ணு எப்ப வரச் சொல்லுச்சு?"

கையில் காய்கறிப் பை. கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "ஆகஸ்ட்ல."

பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 7, செவ்வாய்

பேச்சில்லை. ரசம் வைத்தாள். உப்பு அதிகம். நானும் சொல்லவில்லை.

நவம்பர் 9, வியாழன்

காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அந்தக் கொடி நெசமாவே தூங்குமா?"

தெரிந்தவரை சொன்னேன். குளிர் வந்ததும் இலை பழுத்து விழும். சாறு வேருக்கு இறங்கிவிடும். மேலே இருப்பது வெறும் கட்டை. உதாரணத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு முழுப்பரீட்சை லீவு விட்டதுபோல. கேட்டில் பூட்டு தொங்கும், பெஞ்செல்லாம் கவிழ்த்துப் போட்டிருக்கும். பள்ளிக்கூடம் செத்துப்போய்விடவில்லை.

அவள் காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"நான் பிறந்ததுலருந்து கொடிக்கு நடுவுலதான் இருக்கேன். ஒரு கொடி தூங்கி நான் பாத்ததே இல்ல. காய்ப்பறிப்புதான் நம்ம வீட்டு வாசல்லயே இருக்கே. அதைப் பாக்கவா கடல் தாண்டிப் போகணும்? டிக்கெட்ட மாத்த வேணாம். ஜனவரிலயே போவோம்."

"செத்த மாதிரி இருக்குமாம்."

"அதத்தான் பாக்கணும்ங்கிறேன். அந்தப் பொண்ணுக்கு எழுதுங்க. பாக்கச் செத்தது மாதிரி இருந்தா, செத்ததா தூங்குதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு கேளுங்க."

நவம்பர் 15, புதன்

இரினி நீளமாக எழுதியிருக்கிறாள். ஜனவரியில் வர விரும்பும் முதல் விருந்தாளிகள் நாங்கள்தானாம். காற்று அதிகமானால் கப்பல் நின்றுவிடும், கையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். விடுதிகள் மூடியிருக்கும். ஆலையிலேயே ஓர் அறை தருகிறாள். அந்த மாதத்தில்தான் கவாத்து வெட்டிக் கொடியைக் கூடைபோல முடைவார்களாம். தோட்டக்காரி என்றால் உங்கள் மனைவியும் முடையலாம் என்கிறாள்.

பிரகாசியின் கேள்விக்குப் பதிலை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். "பட்டையை நகத்தால் கீறிப் பார்ப்போம். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. சில சமயம் அதிலும் தெரியாது. சந்தேகமாக இருந்தால் காத்திருப்போம். குளிர்காலத்தில் எந்தக் கொடியையும் நாங்கள் பிடுங்குவதில்லை."

"நகத்தாலயா? நாமளும் அப்படித்தானே பாப்போம்" என்றாள், சொந்தக்காரி கிடைத்துவிட்டதைப்போல. பிறகு, "கடைசில என்ன சொல்லுச்சு? திரும்பச் சொல்லுங்க" என்றாள். திரும்பச் சொன்னேன்.

இரினியும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். உங்கள் ஊரில் கொடிகள் தூங்குவதே இல்லை என்கிறீர்களே, அப்படியானால் அவை எப்போது ஓய்வெடுக்கும்?

யோசிச்சுச் சொல்றேன்னு எழுதுங்க என்றாள் பிரகாசி.

நவம்பர் 20, திங்கள்

சவரியப்பனுக்கும் அவளுக்கும் சண்டை. கவாத்துக்கு ஆள் சொல்லிவிட்டு வந்திருந்தான். கிணற்றோரம் இருக்கும் கொடிகளை இந்தத் தடவை வெட்ட வேண்டாம் என்கிறாள் இவள்.

"ஏன்க்கா?"

"அதுகளுக்கு லீவு."

"லீவா? பந்தல்ல கெடக்குற கொடிக்கு லீவா? ஊர்ல கேட்டா வழிச்சுக்கிட்டுச் சிரிப்பாய்ங்க. மச்சான், நீங்க பாடம் நடத்துனதா இது?"

"நான் பள்ளிக்கூட லீவத்தான் சொன்னேன்" என்றேன்.

"தண்ணியையும் குறைச்சுரு" என்றாள் அவள். "தூங்குதான்னு பாப்போம்."

பந்தல் கொடியை நேரத்துக்கு வெட்டாமல் விடுவது எங்கள் ஊரில் அடுப்பில் உலை வைத்துவிட்டு அரிசி போடாமல் இருப்பதுபோல. சவரியப்பன் மண்டையில் அடித்துக்கொண்டு போனான். ஆனால் போகும்போதே கிணற்றோரத் தூண்களில் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

நவம்பர் 27, திங்கள்

விசாவுக்குப் போட்டோ. கம்பம் ஸ்டூடியோ. தலையில் துணி இருக்கக்கூடாதாம். ஸ்டூடியோக்காரர் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கேமராவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினேன்.

அவளே அவிழ்த்துவிட்டாள். மொட்டைத் தலையைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அந்தத் தீவுக்குப் பொருத்தமான தலை. எடுங்க" என்றாள்.

போட்டோ நன்றாக வந்திருக்கிறது. ஒரு பிரதி என் சட்டைப்பையில் இருக்கிறது. விசாவுக்கு இரண்டுதான் தேவை.

டிசம்பர் 6, புதன்

விசா வேலையாகச் சென்னை போக வேண்டியது, அங்கே வெள்ளம். தேதி தள்ளிப்போயிருக்கிறது. கம்பளி பனியன் வாங்கினோம்.

டிசம்பர் 12, செவ்வாய்

சென்னை வேலை நேற்று முடிந்தது. பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டார்கள். திராட்சைக் கொடி பார்க்க என்றேன். ஜனவரியிலா என்றாள் கவுன்டரில் இருந்த பெண். அவளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. "ஆமா, அது தூங்குற மாசம்" என்று பிரகாசி தமிழிலேயே பதில் சொன்னாள்.

இன்று ஊர் திரும்பியதும் நேராகத் தோட்டம். அவள் அங்கே கால் வைத்து மாதங்களாயிற்று. கிணற்றோரக் கொடிகள் தூங்குகின்றனவா என்று பார்க்க வேண்டுமாம். சவரியப்பனும் ஆர்வமாகத்தான் கூட வந்தான், கேலி பேசிக்கொண்டே.

தூங்கவில்லை. வெட்டாமல் விட்டால் என்ன, தண்ணீரைக் குறைத்தால் என்ன, பழைய இலை கருகிய இடத்துக்குப் பக்கத்திலேயே நுனியில் தளிர் விட்டிருக்கிறது. இங்கே குளிர் போதாது. நான் முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது நல்லது என்று நினைக்கிறேன்.

"அக்கா, இதுகளுக்கு லீவு வேணாமாம். பாரு, வேலைக்கு வந்துருச்சு."

"இதுக்குத் தூங்கத் தெரியலடா" என்றாள் பிரகாசி தளிரைத் தொட்டுக்கொண்டு. "யாரும் சொல்லித் தரல. நம்மள மாதிரியே. அந்தப் பொண்ணு கேட்டதுக்கு இதை எழுதுங்க, வாத்தியாரே."

பக்கத்துப் பந்தலில் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. போகிற போக்கில் ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். நின்றாள்.

"புளிக்குது" என்றாள்.

"சரியாப் பழுக்கலக்கா, அது..." என்று சவரியப்பன் ஆரம்பித்தான்.

"புளிக்குதுடா" என்றாள் மறுபடியும். இன்னொன்றைக் கிள்ளினாள்.

நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வெயில் அதிகம்.

டிசம்பர் 19, செவ்வாய்

மதுரை. டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். "இல்லன்னு சொல்றீங்களா, தெரியலன்னு சொல்றீங்களா?" என்றாள் பிரகாசி. அவர் கொஞ்சம் சிரித்தார். ஜூனில் மறுபடி பார்ப்போம், அதுவரை காத்திருப்போம் என்றார்.

காரில் அவள் கம்பம் வரும்வரை தூங்கினாள். டிரைவர் பிரேக் போட்டபோதெல்லாம் தலை என் தோளில் இடித்தது. ஒரு மாதத் தலைமுடி. வெள்ளையாக, பூனை முடி மாதிரி.

டிசம்பர் 29, வெள்ளி

விசா வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் பலகாரம் மிச்சத்தை இரினிக்குக் கொண்டுபோகலாம் என்கிறாள். முறுக்கு நொறுங்குமே என்றேன். நொறுங்கினாலும் முறுக்குதானே என்றாள்.

ஜனவரி 16, செவ்வாய்

நாளை கிளம்புகிறோம். பெட்டி கட்டியாயிற்று. கவாத்துக் கத்தரியை உள்ளே வைத்தாள். நான் வெளியே எடுத்தேன். மறுபடி வைத்தாள். கடைசியில் அது பெரிய பெட்டியில் கம்பளிக்கு நடுவே போகிறது. "அவங்க கத்தரி எனக்குக் கை பழகாது" என்கிறாள்.

மாலையில் சவரியப்பன் வந்தான். வழக்கம்போல உரக்கடைக் காலண்டரைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தான். போன வருஷம் அது எங்கே போனது என்று அவனுக்குத் தெரியும். அதனால் தயக்கத்தோடு டீப்பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு, "ஒயின் ஒரு பாட்டில் வாங்கிட்டு வாங்க மச்சான், மதுவிலக்குச் சபைக்குத் தெரியாம" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரினிக்குக் கடைசியாக ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. முடையிறதுக்கு எனக்குன்னு ஒரு கொடி விட்டு வைக்கச் சொல்லுங்க. வேற யாரும் தொடக்கூடாது. நானே வெட்டி நானே முடையிறேன். அடையாளத்துக்குத் துணி கட்டிட்டு வருவேன், அதை அவுக்கக்கூடாது."

"எதுக்கு அடையாளம்?"

"என்ன கேள்வி இது? அதுல என்ன காய்ச்சிருக்குன்னு வந்து பாக்க வேணாமா?"

அதையும் அப்படியே தட்டச்சு செய்தேன். எப்போது என்று கேட்கவில்லை.

அவள் டீப்பாயில் இருந்த காலண்டரை எடுத்துப் பிரித்தாள். சுருள் நிமிர்வதற்காகத் திருப்பிச் சுருட்டினாள். வெற்று ஆணியில் மாட்டினாள். பிறகு தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள், பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று. ஜூனில் விரல் கொஞ்சம் நின்றது. அதையும் தூக்கினாள்.

"ஆகஸ்ட் பதினஞ்சு வியாழக்கெழமை வருது. மாதா திருநாள். அன்னைக்கு நாம இங்க இல்லாம இருக்க முடியாது. அது முடிஞ்சு கிளம்புனா அங்க பறிச்சு முடிச்சுருவாங்களா, இருக்குமா? அந்தப் பொண்ணுகிட்டக் கேளுங்க."

கேட்டு எழுதியிருக்கிறேன்.